பாட்டனார் பெயரில் வரும் வீட்டு வரி

கேள்வி: கானாடுகாத்தானில் பதினோரு பங்காளிகளுக்குப் பொதுவான எங்கள் பூர்வீக வீட்டின் சொத்து வரி இன்னும் பாட்டனார் பெயரிலேயே வருகிறது. அதை மாற்ற முடியுமா? நம் முன்னோர் இங்கு வந்து குடியேறியதற்குச் சான்று எது?

பதில்: மாற்றலாம். இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழ், வீட்டுப் பத்திர நகல், கடைசி வரி ரசீது ஆகியவற்றுடன் பேரூராட்சி அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். பதினொருவரின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. உண்மையான தாமதம் அலுவலகத்தில் அல்ல, பெரும்பாலும் இந்தச் சம்மதத்தை வாங்குவதில்தான். ஆனால், வரி ரசீதில் பெயர் இருப்பதனால் மட்டும் வீடு ஒருவருக்கு உரிமையாகிவிடாது. அரையாண்டு வரியை ஏப்ரல் 30, அக்டோபர் 31 ஆகிய தேதிகளுக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு.

குடியேற்றத்தைப் பொறுத்தவரை, காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிய நாட்டுக்கு வந்தோம் என்பது நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வழிவழியாகச் சொல்லிவரும் மரபு. இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி முதலிய ஒன்பது நகரக் கோயில்களில் (நகரத்தாரின் உட்பிரிவுகளுக்குரிய கோயில்கள்) எதற்கு உங்கள் குடும்பம் புள்ளி, அதாவது உறுப்பினர் குடும்பம், என்பதிலிருந்து தேடத் தொடங்குங்கள். அதைவிட அருகிலுள்ள சான்று உங்கள் வளவிலேயே (முற்றத்தைச் சுற்றிய வீட்டுப் பகுதி) இருக்கிறது: நான்கு பக்கத் தாழ்வார ஓடுகளிலிருந்தும் மழைநீர் முற்றத்தில் விழ, அதைச் சேமித்ததுபோக எஞ்சியதை ஊருணிக்கு வடிய விட்ட அந்தக் கட்டுமானம், வறண்ட மண்ணுக்கு வந்தவர்களின் வழியினர் தண்ணீரை எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதைக் காட்டும். அந்த வடிகால் இன்று தெருவில் அடைபட்டிருந்தால், பெயர் மாற்ற மனுவோடு அதைத் தூர்வாரவும் ஒரு மனு கொடுத்துவிடுங்கள்.