எடை குறைக்கும் ஊசிக்கு இன்ஷூரன்ஸ் பணம் தருமா? கேள்வி பதில்

பதினெட்டு வருடம் மருத்துவமனை இன்ஷூரன்ஸ் டெஸ்கில் வேலை பார்த்தவள் நான். கேஷ்லெஸ் படிவம் நிரப்புவது, கம்பெனிக்கு அனுப்புவது, மறுத்தால் காரணம் கேட்டு மல்லுக்கட்டுவது, இவைதான் என் அன்றாடம். 2025 மார்ச்சில் மவுஞ்சாரோவும் ஜூனில் வெகோவியும் இந்தியாவில் விற்பனைக்கு வந்ததிலிருந்து என்னிடம் அதிகம் பேர் கேட்பது இந்த ஊசிகளைப் பற்றித்தான். மருந்து உங்களுக்கு ஒத்துவருமா என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். பணம் எங்கிருந்து வரும், எங்கிருந்து வராது என்பதை நான் சொல்கிறேன்.

மேடம், வயது 38, கோவையில் ஐடி வேலை. உயரம் 170 செ.மீ., எடை 112 கிலோ. டாக்டர் மவுஞ்சாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார். 10 லட்சத்துக்கு பேமிலி ப்ளோட்டர் பாலிசி இருக்கிறது. பில்லை அனுப்பினால் பணம் வருமா?

வராது தம்பி. உங்களிடம் இருப்பது மருத்துவமனையில் சேர்ந்தால் பணம் தரும் பாலிசி. குறைந்தது 24 மணி நேரம் அட்மிட் ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் டே கேர், அதாவது ஒரு நாள் முழுக்கத் தங்காமலே முடியும் சிகிச்சைகளின் பட்டியலில் இருக்க வேண்டும். வாரம் ஒரு முறை வீட்டில் போட்டுக்கொள்ளும் ஊசி இந்த இரண்டிலும் அடங்காது. புறநோயாளிச் செலவு, அதாவது ஓபிடி, என்று தள்ளிவிடுவார்கள்.

உங்கள் பாலிசிப் புத்தகத்தில் விலக்குகள் பகுதியில் 'உடல் பருமன், எடைக் கட்டுப்பாடு' என்று ஒரு தலைப்பு இருக்கும். எல்லாக் கம்பெனியிலும் ஒரே வாசகம்தான், ஏனென்றால் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ வகுத்துக் கொடுத்தது அது. அந்த விதி பேசுவது அறுவை சிகிச்சையைப் பற்றி மட்டும். மாத்திரை, ஊசி பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. அதைப் படித்துவிட்டு, ஊசியை விலக்கவில்லையே, அப்படியானால் தருவார்கள் என்று சிலர் நம்பிவிடுகிறார்கள். விலக்கில் இல்லை என்பதற்காக எதுவும் கவரேஜுக்குள் வந்துவிடாது.

அப்புறம், கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள். மவுஞ்சாரோ வந்தபோது 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375 ரூபாய். வாரம் ஒன்று என்றால் மாதம் 14,000 முதல் 17,500 வரை. டோஸ் ஏற ஏறச் செலவும் ஏறும்.

அக்கா, ஓபிடி கவர் என்று தனியாக ஒன்று விற்கிறார்களே, அதை வாங்கினால்?

வாங்கும் முன் மூன்று இடங்களைப் பாருங்கள். மொத்த ஓபிடி வரம்பு எவ்வளவு? அதற்குள் மருந்துக்கு மட்டும் தனி வரம்பு உண்டா? எடை குறைப்பு மருந்தை, ஊட்டச்சத்து மாவோடு சேர்த்து ஒரே வரியில் விலக்கியிருக்கிறார்களா? இந்த மூன்றாவதைப் பலர் பார்ப்பதே இல்லை.

நான் பார்த்த ஓபிடி கவர்களில் வருட வரம்பு பெரும்பாலும் சில ஆயிரங்கள்தான். அந்த ஊசியின் ஒரு மாதச் செலவுக்கே போதாது. அந்தக் கவருக்கான கூடுதல் பிரீமியத்தையும் கழித்தால் கையில் நிற்பது சொற்பம். உங்களுக்கு ஏற்கெனவே டாக்டர் பீஸ், ரத்தப் பரிசோதனை, பல் வைத்தியம் என்று செலவு இருந்தால் வாங்குங்கள். இந்த ஊசிக்காக மட்டும் வேண்டாம்.

ஆபீஸ் குரூப் பாலிசி இருந்தால் எச்ஆரிடம் ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள். குரூப் பாலிசியில் என்ன சேர்க்கலாம் என்பதைக் கம்பெனி பேசி வாங்க முடியும். பத்துப் பேர் கேட்டால் அடுத்த வருடப் புதுப்பித்தலில் அது பேச்சுக்காவது வரும்.

எனக்கு ஏழு வருடமாகச் சர்க்கரை. டாக்டர் செமாக்ளூடைடு தந்திருக்கிறார். எடைக்கு இல்லை, சர்க்கரைக்கு. அப்போதும் கிடைக்காதா?

அட்மிஷன் இல்லாத மாதங்களில் கிடைக்காது. ஆனால் உங்கள் நிலை முதலில் கேட்ட தம்பியின் நிலையை விடக் கொஞ்சம் பலமானது. ஒரே மருந்துக்கு எந்த நோய்க்காக எழுதப்பட்டது என்பதைப் பொறுத்து மரியாதை மாறும். ரைபெல்சஸ் மாத்திரையும் ஓசெம்பிக் ஊசியும் சர்க்கரைக்கு, வெகோவி எடைக்கு, மூன்றிலும் உள்ளே இருப்பது செமாக்ளூடைடுதான். மவுஞ்சாரோவுக்கோ இந்தியாவில் ஒரே பெயரில் இரண்டுக்கும் அனுமதி. அதனால் மருந்துச் சீட்டில் 'டைப் 2 சர்க்கரை நோய்' என்று நோயின் பெயரும் தெளிவாக இருக்கட்டும்.

இதற்கு எங்கே பயன் என்றால், சர்க்கரை தொடர்பாக ஒருவேளை நீங்கள் அட்மிட் ஆக நேர்ந்தால், டிஸ்சார்ஜுக்குப் பின் குறிப்பிட்ட நாட்கள் வரையிலான மருந்துச் செலவைப் பாலிசி ஏற்கும். பல பாலிசிகளில் 60 நாள், சிலவற்றில் 90 அல்லது அதற்கும் மேல். டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த மருந்தின் பெயர் இருந்து, சேர்ந்த நோயோடு அது தொடர்புடையதாக இருந்தால் அந்த பில்லையும் அனுப்பலாம்.

சர்க்கரையே இல்லாதவருக்குச் சீட்டில் சர்க்கரை என்று எழுதச் சொல்லி யாரும் டாக்டரைக் கேட்காதீர்கள். அந்த ஒரு வரி வாழ்நாள் முழுவதும் உங்கள் பதிவில் இருக்கும். நாளைக்கு மாரடைப்பு கிளெய்முக்கு அனுப்பும்போது, சர்க்கரையை ஏன் மறைத்தீர்கள் என்று உங்களையே கேட்பார்கள்.

இரண்டு நாள் செக்கப் என்று அட்மிட் ஆகி ஊசியை பில்லில் சேர்த்துவிடலாம் என்கிறார் நண்பர்.

கூடாது. பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆவதற்கென்றே தனி விலக்கு இருக்கிறது. பணமும் வராது, உங்கள் பெயரில் ஒரு மறுப்பும் பதிவாகும்.

தங்கை எட்டு மாதமாக ஊசி போடுகிறாள். திடீரென்று வயிற்று வலி, பித்தப்பையில் கல், ஆபரேஷன் என்கிறார்கள். 'எடை ஊசியால் வந்தது' என்று கிளெய்மை மறுப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

முதலில் தங்கை நலமாகட்டும். வேகமாக எடை குறையும்போது பித்தப்பைக் கல் உருவாகலாம், இந்த மருந்துகளின் குறிப்பேட்டிலேயே பித்தப்பைப் பிரச்சினையும் கணைய அழற்சியும் எச்சரிக்கையாக இருக்கின்றன. அதனால் ஊசி போடுவதை மருத்துவமனையில் மறைக்காதீர்கள். வயிறு காலியாவதை இந்த மருந்து தாமதப்படுத்தும். மயக்க மருந்து தருபவருக்கு அது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். கிளெய்மை விட உயிர் பெரிது.

இப்போது கிளெய்ம். நோயாளி சேர்ந்தது பித்தப்பைக் கல்லுக்கு. எடை குறைப்பதற்காகச் சேரவில்லை. டாக்டர் சீட்டோடு வாங்கிய மருந்தின் பக்க விளைவு என்பதைக் காட்டி மறுப்பதற்கு அந்த உடல் பருமன் விலக்கில் இடமில்லை என்பதே என் உறுதியான கருத்து. அப்படி மறுத்தால் விடாமல் எதிர்க்க வேண்டிய விஷயம் இது.

ஆனால் இரண்டு இடங்களில் உண்மையிலேயே சிக்கல் வரும். பாலிசி எடுத்து எத்தனை மாதம் ஆகிறது என்று பாருங்கள். கற்கள், ஹெர்னியா, கண்புரை போன்றவற்றுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் 24 மாதக் காத்திருப்பு உண்டு, அதுவரை அவற்றுக்குப் பணம் வராது. அது முடியாமல் இருந்தால் ஊசியைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டாவது, ஊசி எங்கிருந்து வந்தது? ஜிம்மில் ஒருவர் கொடுத்தார், சீட்டே இல்லை என்றால் உங்கள் பக்கம் வாதமே இல்லாமல் போய்விடும். சீட்டையும் கடை பில்லையும் இன்றே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

மூன்று மாதமாக வெகோவி போடுகிறேன். 12 கிலோ குறைந்துவிட்டது. இப்போது புதிதாக பாலிசி எடுத்தால் பழைய எடையைச் சொல்ல வேண்டுமா? ஏஜென்ட் வேண்டாம் என்கிறார்.

சொல்லுங்கள். இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். விண்ணப்பப் படிவத்தில் உயரம், எடை, தற்போது எடுக்கும் மருந்து எல்லாம் கேட்பார்கள். மருந்தின் பெயரை எழுதினால் எடையின் கதை தானாகவே தெரிந்துவிடும். எழுதாமல் விட்டால் முதல் பெரிய கிளெய்மில் பழைய சீட்டு வெளியே வரும். வெளியே வந்ததை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஐசியு வாசலில் நிற்கும் குடும்பத்திடம் 'விவரம் மறைக்கப்பட்டது' என்ற மெயிலைப் படித்துக் காட்டுவது என் வேலையிலேயே கொடுமையான பகுதி. ஏஜென்ட் அங்கே இருக்க மாட்டார்.

சொன்னால் என்ன ஆகும்? பிரீமியத்தில் லோடிங், அதாவது கூடுதல் தொகை, போடலாம், மருத்துவப் பரிசோதனை கேட்கலாம், சில கம்பெனிகள் வேண்டாம் என்றும் சொல்லலாம். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம்தான், முன்பு 48 மாதமாக இருந்தது 2024இல் குறைந்தது. அதே போல 60 மாதம் தொடர்ந்து பிரீமியம் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலொழிய, விவரம் சொல்லவில்லை என்று காட்டி மறுக்க முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் கிடையாது. நேர்மையாக எடுப்பதற்கு இப்போது முன்பை விட வசதி அதிகம்.

ஊசிக்குத் தர மாட்டார்கள், ஆபரேஷனுக்குத் தருவார்களா? எடை 92 கிலோ, உயரம் 160 செ.மீ. தூக்கத்தில் மூச்சுத் திணறலும் இருக்கிறது.

தர வாய்ப்பு இருக்கிறது அம்மா. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உங்கள் பி.எம்.ஐ. எண் சுமார் 36. விதிப்படி 18 வயது நிரம்பி, டாக்டர் பரிந்துரைத்து, பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் பேரியாட்ரிக், அதாவது எடை குறைப்பு அறுவை சிகிச்சையை விலக்க முடியாது. 35 முதல் 40 வரை இருந்தால் கூடவே இவற்றில் ஒன்று வேண்டும்: உடல் பருமனால் வந்த இதயத்தசை நோய், இதய ரத்தக் குழாய் நோய், தீவிரமான தூக்க மூச்சுத்தடை, கட்டுக்குள் வராத டைப் 2 சர்க்கரை. அதோடு, எளிய வழிகளை முயன்றும் பலன் இல்லை என்ற பதிவும் தேவை. டயட்டீஷியன் சீட்டு, மாதாமாதம் எடை பார்த்த குறிப்பு, ஊசி போட்டிருந்தால் அந்த பில், இவையே சாட்சி. உங்கள் மூச்சுத்தடைக்கு ஸ்லீப் ஸ்டடி எடுத்து அது 'தீவிரம்' என்று அறிக்கையில் வர வேண்டும். வாய்வார்த்தை செல்லாது. பாலிசியின் காத்திருப்புக் காலத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே என் ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் உடல்வாகுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் கொழுப்பும் வந்துவிடுகின்றன. 2022இல் உலகளாவிய பேரியாட்ரிக் மருத்துவச் சங்கங்கள் ஆசியர்களுக்கு 27.5 பி.எம்.ஐ.யிலேயே அறுவை சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்று சொல்லிவிட்டன. நம் பாலிசி விதி இன்னும் 35, 40 என்றே நிற்கிறது. இந்த எண் மாற வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அரசுத் திட்டங்களில் கிடைக்குமா?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் மருத்துவமனையில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்கு. வாராவாரம் வீட்டில் போடும் ஊசிக்கு அல்ல. தொழிலாளர்களுக்கான இஎஸ்ஐ மட்டும் வித்தியாசமானது, அங்கே ஓபிடியும் மருந்தும் உண்டு. எனவே சர்க்கரை, பிரஷர் மருந்துகளை அங்கே வாங்கி மிச்சம் பிடியுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்திலும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன.

மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அவன் இன்ஷூரன்ஸ் செப்பவுண்டுக்கு முன் அனுமதி கேட்கிறதாம். அங்கே எப்படி?

அங்கே மருந்துச் சீட்டுக்கும் காப்பீடு உண்டு என்பதால் சண்டை வேறு மாதிரி. செப்பவுண்டும் மவுஞ்சாரோவும் ஒரே மருந்து, டிர்செபடைடு. எடைக்கு ஒரு பெயர், சர்க்கரைக்கு ஒரு பெயர். எடை குறைப்பு மருந்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை அவர் வேலை பார்க்கும் கம்பெனியின் திட்டமே முடிவு செய்யும். மகனுக்குத் தூக்க மூச்சுத்தடை இருந்தால் சொல்லச் சொல்லுங்கள். 2024 டிசம்பரில் செப்பவுண்டுக்கு அதற்காகவும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முதல் முறை மறுத்தாலும் மேல்முறையீடு செய்யச் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு 67 வயது, பாலிசி எதுவும் இல்லை. மருந்துச் செலவுக்கு வரியிலாவது சலுகை உண்டா?

உண்டு, பலருக்கு இது தெரிவதில்லை. 60 வயது தாண்டிய, ஹெல்த் இன்ஷூரன்ஸ் இல்லாத பெற்றோருக்கு நீங்கள் செய்யும் மருத்துவச் செலவை, 80டி என்று நாம் பழகிய சலுகையில் வருடம் 50,000 ரூபாய் வரை காட்டலாம். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். ரொக்கமாகக் கட்டியது கணக்கில் வராது, கார்டு அல்லது யுபிஐயில் கட்டுங்கள்.

கிளெய்மை மறுத்துவிட்டார்கள். அடுத்து என்ன?

மறுப்புக் கடிதத்தில் பாலிசியின் எந்த விதிப்படி என்று குறிப்பிட்டிருக்க வேண்டும். 'எடை தொடர்பானது' என்று மொட்டையாக எழுதியிருந்தால் அதையே முதல் கேள்வியாக்குங்கள். கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோ இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஓம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரையிலான வழக்கை எடுப்பார்கள். கம்பெனியின் முடிவு வந்த ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும். நம் மாநிலத்துக்கான அலுவலகம் சென்னை அண்ணா சாலையில், தேனாம்பேட்டையில் இருக்கிறது.

செமாக்ளூடைடு காப்புரிமை முடிந்ததால் விலை குறையும் என்கிறார்களே. காத்திருக்கலாமா?

எப்போது தொடங்குவது என்பது டாக்டர் முடிவு. நான் பணப் பக்கம் மட்டும் சொல்கிறேன். 2026 மார்ச்சில் காப்புரிமை முடிந்து இந்தியக் கம்பெனிகளுக்கு வழி திறந்தது. அதற்கு முன்பே 2025 நவம்பரில் வெகோவியின் விலையை அந்தக் கம்பெனியே குறைத்துவிட்டது. ஆகவே ஒரு கடையில் கேட்ட விலையோடு நிற்காமல், இதே மருந்து வேறு கம்பெனியில் உண்டா என்று டாக்டரிடமே கேளுங்கள்.

ஆனால் பழைய விலையோ புது விலையோ, ஒரு வருடச் செலவை எழுதிப் பார்த்துவிட்டு முதல் ஊசியைப் போடுங்கள். செமாக்ளூடைடு ஆய்வில் ஊசியை நிறுத்திய ஒரு வருடத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. நான்கு மாதம் கடன் வாங்கிப் போட்டு ஐந்தாம் மாதம் கையைப் பிசைந்தவர்களை எனக்குத் தெரியும். அப்படி ஒரு நிலை வருமென்று தோன்றினால் டாக்டரிடம் கூச்சப்படாமல் பட்ஜெட்டைச் சொல்லுங்கள். குறைந்த டோஸிலேயே நிறுத்தி வைக்கலாமா, வேறு மருந்து உண்டா என்று அவரால் அப்போதுதான் யோசிக்க முடியும்.