'பர்த்': இருட்டு, கடிதங்கள், ஒரு பையன்

அல்சூர், பெங்களூரு வாசகர்: எங்கள் குடியிருப்பு ஹாலில் நிக்கோல் கிட்மேன் நடித்த 'பர்த்' (2004) படத்தை லேப்டாப்பிலிருந்து புரொஜெக்டரில் போட்டோம். பாதிப் படம் ஒரே இருட்டு. விதவையான கிட்மேனிடம் "நான்தான் உன் புருஷன் ஷான்" என்று வந்து நிற்கும் பத்து வயதுப் பையன் மறுபிறவியா, இல்லையா? ஹாலில் சண்டையே நடந்தது.

பதில்: ஒளிப்பதிவாளர் ஹாரிஸ் சாவிடஸ் மங்கலாகத்தான் எடுத்திருக்கிறார். ஆனால் முகம் தெரியாத அளவுக்கு அல்ல. பெரும்பாலும் கோளாறு ஹெச்டிஎம்ஐ ரேஞ்சில், அதாவது கேபிள் வழியே போகும் கறுப்பு முதல் வெள்ளை வரையிலான அளவில் இருக்கும். லேப்டாப் 0-255 என 'ஃபுல்' ரேஞ்சில் அனுப்ப, புரொஜெக்டர் 16-235 என 'லிமிடெட்' ரேஞ்சை எதிர்பார்த்தால் நிழல் பகுதியெல்லாம் கரியாகிவிடும். இரண்டையும் ஒன்றாக வையுங்கள். நேர்மாறாகப் பொருந்தாமல் போனால் கறுப்பு சாம்பலாக வெளுக்கும். தொடக்கத்தில் பனியில் ஓடுகிறவரின் கறுப்பு உடையில் மடிப்புகள் தெரிந்தால் அமைப்பு சரி. 'டைனமிக்' மோடு வேண்டாம், 'சினிமா' போதும். அசைவை வழுவழுப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கையும் அணைத்துவிடுங்கள். ஆபராவில் கேமரா கிட்மேனின் முகத்தை விட்டு நகராமல் நிற்கும் நீளமான ஷாட், ஸ்மூத்திங் இருந்தால் டிவி சீரியலாகிவிடும். லேப்டாப் ஸ்பீக்கரில் அலெக்சாண்டர் டெஸ்ப்லாவின் இசையில் அடியில் அதிரும் முரசு காணாமல் போகும். தனி ஸ்பீக்கர் கட்டாயம்.

இனி சண்டைக்கு வருவோம். படம் பார்க்காதவர்கள் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுங்கள்.

'நெஞ்சம் மறப்பதில்லை' (1963) பார்த்துப் பழகிய நாம் ஃபிளாஷ்பேக் வரும், முற்பிறவி தெரியும் என்று காத்திருப்போம். இங்கே அது வரவே வராது. அன்னா (கிட்மேன்) செத்துப்போன தன் கணவன் ஷானுக்கு முன்பு எழுதிய கடிதங்களை அவன் பிரிக்காமலே கள்ளக்காதலி கிளாராவிடம் கொடுத்திருந்தான். கிளாரா அந்தக் கடிதக் கட்டை மண்ணில் புதைக்கிறாள், பையன் தோண்டி எடுக்கிறான். அவனுக்கு விஷயம் தெரிந்த வழி இதுதான் என்று வைத்துக்கொண்டால் மறுபிறவி வாதம் தள்ளாடும். ஆனால் கவனியுங்கள், புருஷன் படிக்காததை இவன் படித்திருக்கிறான். அவன் அன்னாவை நேசிக்கவில்லை, இவன் நேசிக்கிறான். கிளாராவுக்கும் செத்தவனுக்கும் உறவு இருந்தது தெரிந்ததும் பையனே "நான் ஷான் இல்லை" என்று விலகுகிறான். அன்னாவுக்கோ கிளாரா விஷயம் கடைசி வரை தெரியாது. அவள் பத்து வருஷமாக அழுதது யாருக்காக? இயக்குநர் ஜொனாதன் கிளேசர் நம்மைக் கேட்க வைப்பது அதைத்தான். உங்கள் சண்டையில் 'இல்லை' என்றவர்கள் பக்கமே என் ஓட்டு. ஆனால் அதோடு படம் முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

ஜாலஹள்ளி, பெங்களூரு வாசகி: இவ்வளவு நல்ல படம் ஏன் பேசப்படவில்லை? வீட்டில் பிள்ளைகளோடு பார்க்கலாமா?

பதில்: வெனிஸ் திரைப்பட விழாவிலேயே கூச்சல் போட்டார்கள். பையனும் கிட்மேனும் ஒரே குளியல் தொட்டியில் இருக்கும் காட்சியைச் சுற்றியே பேச்சு நின்றுபோனது. தேவையில்லாத காட்சி என்று சொல்ல மாட்டேன், ஆனால் பார்க்கக் கூசும். பிள்ளைகளோடு வேண்டாம்.