ஆகஸ்ட் மாதத்தில் பிக்கரல் எங்கே போகிறது?

தம்பி, நீங்கள் கேட்டது இது. ஜனவரியில் மட்டக்களப்பில் இருந்து வந்து கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பெல்வில்லில் படிக்கிறீர்கள். மூன்று கிழமையாகச் சனியும் ஞாயிறும் காலை பத்து மணிக்குக் குயின்ரி குடாக் கரையில் தூண்டில் போட்டுப் பின்னேரம் மூன்று மணிவரை நிற்கிறீர்கள். ஒரு பிக்கரல் மீன்கூட ஏறவில்லை. மே மாதத்தில் அள்ளி அள்ளிப் பிடித்ததாக வகுப்பில் எல்லாரும் சொல்கிறார்கள். மீன் முடிந்துவிட்டதா, அல்லது வாவியில் பழகிய கைக்கு இந்த ஊர் மீன் பிடிபடாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. மீனும் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் நிற்கும் நேரம்தான் பிழை.

நானும் யாழ்ப்பாணக் கரையில் வளர்ந்தவன்தான். கனடாவுக்கு வந்த புதிதில் ஸ்காபரோவில் இருந்து இரண்டு மணித்தியாலம் காரோடி இதே குடாவுக்கு வருவேன். முதல் ஆகஸ்ட்டில் நான்கு முறை வந்து நான்கு முறையும் வெறும் வாளியோடு திரும்பினேன். ஐந்தாம் முறை பொழுதுபடும் நேரம் சாமானைக் கட்டிக்கொண்டு காருக்குப் போகிறேன், எதிரே ஒரு வயதான வெள்ளைக்காரர் மடக்குக் கதிரையோடு வருகிறார். "நீ போகிறாயா? மீன் இப்போதுதான் எழும்பப் போகிறது" என்றார். அவரோடு திரும்பிப் போய் இருந்தேன். ஒன்பதரை மணிக்குள் எனக்கு இரண்டு, அவருக்கு மூன்று. அன்றைக்குப் பிறகு ஆகஸ்ட் மத்தியானத்தில் நான் கரையில் நின்றதே இல்லை.

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாக வருபவர்கள் இதில் குழம்புகிறார்கள். ஒன்ராறியோவில் கடையிலும் ஆட்கள் வாயிலும் பிக்கரல் என்றுதான் வரும். அரசாங்கத்தின் மீன்பிடி விதிகளில் வால்ஐ என்று தேடுங்கள். இரண்டும் ஒரே மீன்தான். வாலின் கீழ் நுனியில் வெள்ளைப் பொட்டு இருக்கும். கண் கண்ணாடி போல இருக்கும், இரவில் டோர்ச் அடித்தால் பூனைக்கண் மாதிரி மின்னும். கண்ணின் பின்பக்கம் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் ஒரு படலம் இருப்பதால்தான் அப்படி. மங்கலில் பிக்கரலுக்கு நன்றாகத் தெரியும், அது தின்னும் சிறு பேர்ச் மீனுக்குத் தெரியாது. உச்சி வெயிலில் அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் கூடிப்போகும். அதனால் பகலில் பாசியின் நிழலிலும் ஆழத்திலும் கிடக்கும்.

குயின்ரி குடாவில் முன்பு இப்படி இல்லையாம். அந்தக் காலத்தில் தண்ணீர் பச்சையாகக் கலங்கி இருந்ததாம், பட்டப்பகலிலும் மீன் கடித்ததாம். 1990களின் நடுவில் ஸீப்ரா மட்டி என்ற சின்ன வரிச் சிப்பி பெருகியது. அது தண்ணீரை வடித்து வடித்துத் தெளிய வைத்துவிட்டது. வெயில் அடிவரை இறங்க, பாசியும் ஆழமான இடங்கள்வரை பரவியது. பழைய ஆட்கள் சொல்லும் மத்தியானக் கதைகள் பெரும்பாலும் அந்தத் தெளிவுக்கு முந்தியவை. அதை நம்பி நேரத்தை வீணாக்காதீர்கள்.

அடுத்தது, மீன் இடம் மாறும் கதை. இளவேனிலில் முட்டையிட ஆறுகளுக்கும் குடாவுக்கும் வரும் பெரிய பிக்கரல், முட்டையிட்ட பிறகு ஏல்வைஃப் என்ற வெள்ளி மீன் கூட்டத்தைத் தேடி ஒன்ராறியோ ஏரியின் கிழக்குப் பக்கம் போய்விடும். இலையுதிர் காலத்தில்தான் திரும்பும். உங்கள் நண்பர்கள் மே மாதத்தில் பிடித்தது அந்தப் போக்குவரத்தின் நடுவில். இப்போது நீங்கள் நிற்கும் மேல் குடாவில் இருப்பது பெரும்பாலும் நாற்பது, ஐம்பது சென்ரிமீற்றர் மீன்கள்தான். சட்டிக்கு நல்ல மீனும் அதுதான். இந்த வருடம் பொரித்த பேர்ச் குஞ்சுகள் ஆகஸ்ட்டில் விரல் அளவுக்கு வளர்ந்து எங்கும் திரியும். வாயைத் திறந்தால் சாப்பாடு. வயிறு நிறைந்த மீன் உங்கள் புழுவைத் தேடி ஓடி வராது, நீங்கள்தான் அதன் மூக்குக்கு முன்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

சரி, எப்படி என்று சொல்கிறேன்.

பொழுதுபட அரை மணி நேரம் முன்னதாகப் போய் இருங்கள், பிறகு இரண்டு மணித்தியாலம் அசையாதீர்கள். விடிய எழும்பக்கூடியவர் என்றால் வெளிச்சம் வர முன்னும் சரி. இரண்டில் ஒன்று. காற்று அடிக்கும் நாளை ஒதுக்காதீர்கள். எங்கள் ஊரில் சோளகம் என்போமே, அந்தத் தென்மேற்குக் காற்றுத்தான் இங்கேயும் கோடையில் அதிகம். அது ஒரு நாள், இரண்டு நாள் விடாமல் அடித்தால் அலை மோதும் பக்கக் கரையில் நில்லுங்கள். அலை வெளிச்சத்தை உடைக்கும், தண்ணீரைக் கலக்கும், குஞ்சு மீனையும் கரைக்குத் தள்ளும். பளிங்கு மாதிரித் தண்ணீர் கிடக்கும் நாள் படம் எடுக்க நல்லது, பிக்கரலுக்கு அல்ல.

உங்களிடம் படகு இல்லை என்பதால் தண்ணீர் ஓடும் இடமாகப் பாருங்கள். மொயிரா ஆறு குடாவில் விழும் இடம், ட்ரென்ரனில் ட்ரென்ட் ஆற்று வாய், பாலத்தடி. பாசி முடிந்து வெறும் தண்ணீர் தொடங்கும் கோடு எங்கே என்று பகலில் ஒரு முறை நடந்து பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இரவில் அந்தக் கோட்டை ஒட்டிப் போடலாம். நகரும் மிதப்பு ஒன்று கட்டி, தூண்டில் தரையில் இருந்து ஒரு அடி உயரத்தில் நிற்கும்படி ஆழத்தை அளந்து வையுங்கள். அட்டை கிடைத்தால் அட்டை, இல்லாவிட்டால் மண்புழு. முழுப் புழுவை உருண்டையாகக் குத்த வேண்டாம். அரைப் புழுவைத் தலையில் மட்டும் குத்தி நீளமாகத் தொங்க விடுங்கள். இந்த மாதம் மீன் சின்ன இரைக்குப் பழகியிருக்கும். புழுப் பெட்டியை ஐஸ் பெட்டிக்குள் வையுங்கள். காருக்குள் ஒரு மணி நேரம் இருந்தால் புழு வெந்துவிடும், செத்த புழுவைப் பிக்கரல் அநேகமாகத் திரும்பியும் பார்க்காது.

கடியைப் பற்றியும் ஒரு சொல். வாவியில் தங்கூசி கையைப் பிய்க்கும், இங்கே அப்படி எதிர்பார்க்காதீர்கள். மிதப்பு ஒரு பக்கம் மெல்லச் சாயும், அல்லது நனைந்த துணி மாட்டியது மாதிரி ஒரு கனம் தெரியும். ஈயத்தோடு அடியில் போட்டிருந்தால் உடனே இழுக்க வேண்டாம். கொஞ்சம் தூண்டில் நரம்பை விட்டுக் கொடுத்து, ஐந்தோ பத்தோ எண்ணி, பிறகு ஆறுதலாகத் தூக்குங்கள். ஜிக் என்ற ஈயத் தலை வைத்த தூண்டிலில் கடித்தால் மட்டும் அந்த நொடியே இழுக்க வேண்டும்.

யாராவது படகில் கூப்பிட்டால் தயங்காமல் போங்கள். பாசி ஓரமாக, மணிக்கு ஒன்று, ஒன்றரை மைல் வேகத்தில், சுழலும் தகடு கட்டிய புழுத் தூண்டிலை இழுத்துக்கொண்டு போவதுதான் பகலில் பலன் தரும் ஒரே வழி என்பது என் அனுபவம். குடாவின் கீழ்ப்பகுதியில் லோங் ரீச் என்ற இடத்தில், ஆழத்தில் மீன் நடுத்தண்ணீரில் மிதந்து நிற்கும். அப்போது இரை மீனுக்கு மேலே போக வேண்டும், கீழே போனால் அது காணாது.

இனி நீங்கள் எழுதிய வேறு மீன்களுக்கு வருகிறேன். அதைப் படித்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

கையில் எடுத்ததும் முணுமுணுத்த வெள்ளி மீன் என்றீர்களே, அது ட்ரம், இங்கே ஷீப்ஸ்ஹெட் என்றும் சொல்வார்கள். எங்கள் கத்தாளையின் குடும்பம்தான் அது. வட அமெரிக்காவில் அந்தக் குடும்பத்தில் வாழ்நாள் முழுவதும் நன்னீரில் இருப்பது இது ஒன்றே. காற்றுப்பைக்குப் பக்கத்துத் தசையை அதிர வைத்து அந்தச் சத்தத்தைப் போடும். மீன் பாடும் ஊரில் இருந்து வந்தவருக்கு முதல் மீனே முணுமுணுத்திருக்கிறது. அதன் தலைக்குள் தந்தம் மாதிரி இரண்டு கல் இருக்கும். அதிர்ஷ்டக் கல் என்று இங்கே பிள்ளைகள் கரையில் பொறுக்கி வைப்பார்கள்.

விரால் என்று நினைத்தது போஃபின். உருளை உடம்பு, நீண்ட முதுகுச் செட்டை, மேலே வந்து காற்றுக் குடிக்கும் பழக்கம், எல்லாம் விரால் மாதிரித்தான். வயிற்றுப் பக்கம் வால் அருகே உள்ள செட்டையைப் பாருங்கள். விராலுக்கு அது நீளம், போஃபினுக்குக் கட்டை. மிகப் பழைய மீன் இனம், இந்த மண்ணுக்கே உரியது, மெதுவாகத் தண்ணீரில் விட்டுவிடுங்கள். விராலை இங்கே உயிரோடு வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். அதனால் இந்த வித்தியாசம் தெரிந்திருப்பது நல்லது.

கல் இடுக்கில் இருந்து திரும்பத் திரும்பப் புழுவைத் தின்ற குட்டி மீன் வட்டக் கோபி. கருங்கடல், கஸ்பியன் கடல் பக்கத்து மீன். 1990இல் சென்ற் கிளேயர் ஆற்றில் முதலில் கண்டார்கள், இப்போது எங்கும் நிறைந்துவிட்டது. அதைத் திரும்பத் தண்ணீரில் விடவும் வேண்டாம், இரையாகக் குத்தவும் வேண்டாம், உயிரோடு கொண்டுபோகவும் வேண்டாம்.

இன்னும் இரண்டு மீன் உங்களுக்கு வரக்கூடும். ஒன்று முரல் மாதிரி நீண்ட மூக்கோடு வரும் கார் (gar) என்ற மீன். அதன் முட்டை விஷம், சினை என்று ஆசைப்பட்டுச் சமைத்துவிடாதீர்கள். மற்றது விலாங்கு. அமெரிக்க விலாங்கு இந்த மாகாணத்தில் அழியும் நிலையில் உள்ள இனம், பிடிக்கத் தடை. தவறி மாட்டினால் நரம்பை வெட்டி அப்படியே விட வேண்டும். எங்கள் ஆட்களுக்கு விலாங்குக் கறி என்றால் நாவூறும், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

காணொளிகளில் எல்லாரும் கை அளவு தடித்த பிக்கரலோடு நிற்கிறார்கள் என்று மனம் வருந்தியிருந்தீர்கள். 2022 செப்டம்பர் 30 அன்று கிளீவ்லாந்தில் நடந்தது தெரியுமா? ஈரி ஏரிப் பிக்கரல் போட்டியில் இருவர் கொண்டுவந்த ஐந்து மீன் சுமார் 34 இறாத்தல் நின்றது. மீனின் பருமனுக்கும் நிறைக்கும் பொருந்தவில்லை என்று போட்டி நடத்தியவர் அங்கேயே வயிற்றை வெட்டிப் பார்த்தார். உள்ளே ஈயக் குண்டுகள், வேறு மீனின் சதைத் துண்டுகள். அடுத்த வருடம் இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு பத்து நாள் சிறை போனார்கள், படகும் பறிபோனது. எனக்கு அந்தச் செய்தி இன்றும் வலிக்கும். ஆகஸ்ட் கடைசியில் இருட்டில் மூன்று மணித்தியாலம் நின்று ஒரு மீன் எடுத்தாலும் அது நல்ல நாள்தான், தம்பி.

அனுமதிப்பத்திரம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒன்ராறியோவில் தொடர்ந்து ஆறு மாதம் வசித்திருந்தால் உள்ளூர்வாசிக் கட்டணம், நீங்கள் ஜனவரியில் வந்ததால் இப்போது பொருந்தும். அவுட்டோர்ஸ் கார்ட் என்ற மாகாண அட்டையை எடுத்து அதோடு மீன்பிடி உரிமம் வாங்க வேண்டும். முழு உரிமத்துக்கு இந்தக் குடாவில் நான்கு பிக்கரல், குறைந்த கட்டண உரிமத்துக்கு இரண்டு. பெரிய மீனுக்குத் தனி அளவு விதி இருக்கிறது, போகுமுன் இந்தக் குடா அடங்கும் 20ஆம் மீன்பிடி வலயத்தின் விதியைப் படியுங்கள். கரையில் ஆளுக்கு ஒரு தூண்டில்தான். மீனைக் கரையிலேயே தோல் உரித்துத் துண்டு போட வேண்டாம். என்ன மீன், எத்தனை என்று அதிகாரி பார்த்தால் தெரிய வேண்டும். முதல் வருடம் நான் சுத்தமாக வெட்டிப் பையில் போட்டு வந்து வழியில் மாட்டினேன். எச்சரித்து விட்டார்கள், ஆனால் அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

இரவில் கற்களில் பாசி வழுக்கும், தனியாகப் போகாதீர்கள், தண்ணீருக்குள் இறங்காதீர்கள். வீடு வந்ததும் காலில், முழங்காலின் பின்பக்கத்தில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பகுதியில் லைம் நோய் பரப்பும் உண்ணி உண்டு.

பிடித்தால் உடனே கொன்று ஐஸில் வையுங்கள். வெந்நீர் மாதிரிக் கிடக்கும் ஆகஸ்ட் தண்ணீரில், ஆழத்தில் இருந்து இழுத்த மீனைத் திரும்ப விட்டாலும் பல நேரம் பிழைக்காது. தேவையான அளவு கிடைத்ததும் தூண்டிலைச் சுற்றிவிடுங்கள். பெரிய மீனில் பாதரசம் கூட. எந்த இடத்து மீனை, எந்த நீளத்தில், மாதம் எத்தனை முறை சாப்பிடலாம் என்று மாகாண அரசு ஒரு கையேடு வைத்திருக்கிறது, அதைப் பாருங்கள். சதை வெள்ளையாக, மணம் குறைவாக இருக்கும். தூள் அள்ளிப் போட்டால் மீனின் ருசி போய்விடும். தலையையும் நடுமுள்ளையும் சொதிக்கு வையுங்கள். கன்னத்தில் இருக்கும் இரண்டு சின்னச் சதையை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள்.

அக்டோபரில் வரும் நன்றி நவிலல் விடுமுறைக்குப் பிறகு பெரியவை ஏரியில் இருந்து திரும்பத் தொடங்கும். அந்த நேரம் நான் படகோடு லோங் ரீச்சுக்கு வருவேன், ஒரு ஆளுக்கு இடம் இருக்கிறது. உயிர்காப்பு அங்கி நான் கொண்டு வருகிறேன். நீங்கள் தடித்த சட்டை இரண்டும் கையுறையும் மட்டும் கொண்டு வந்தால் போதும்.