கண்ணுக்குத் தெரியாத அசைவு: இ.எம்.ஜி. பயிற்சி பற்றிய கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் பதினாறு வருடமாக பிசியோதெரபி பார்க்கிறேன். பக்கவாதம், மூட்டு ஆபரேஷன், நரம்பில் அடி என்று வருகிறவர்களில் சிலருக்கு, தசையில் எழும் மின்சாரத்தை அளந்து திரையில் காட்டி, அதைப் பார்த்தபடியே பயிற்சி செய்ய வைப்பேன். இ.எம்.ஜி. பயோஃபீட்பேக் என்று அதற்குப் பெயர். கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறைய வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்துவிட்டேன், பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி (சேரன்மகாதேவி): அக்கா, அப்பாவுக்கு 61 வயது. பக்கவாதம் வந்து நாலு மாதம் ஆகிறது. நடந்துவிடுகிறார், ஆனால் வலது மணிக்கட்டைத் தூக்கவே வரவில்லை. இ.எம்.ஜி. வைத்துப் பார்க்கலாம் என்கிறார்கள். கரண்டு வைப்பார்களோ என்று அப்பா பயப்படுகிறார்.

பதில்: உள்ளே ஒரு துளி கரண்டும் போகாது, தம்பி. அப்பாவிடம் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள். சதையில் விறுவிறுவென்று இழுக்கிற மாதிரி கரண்டு கொடுக்கிற மெஷின் வேறு. இது தசை பேசுவதைக் கேட்க மட்டும் செய்கிற மெஷின். கையைத் தூக்க நினைத்ததும் மூளையிலிருந்து நரம்பு வழியாகக் கட்டளை இறங்கி, தசை இழைகளில் மிகச் சிறிய மின்சாரம் எழும். தோலில் ஒட்டுகிற இரண்டு பேட் அதைப் பிடிக்கும். மூன்றாவது பேட் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு, அதை எலும்பு மேட்டில் ஒட்டுவோம். டிவி ரிமோட்டில் போடுகிற ஒரு பேட்டரி 1.5 வோல்ட், அதாவது 15 லட்சம் மைக்ரோவோல்ட். தளர்ந்து கிடக்கும் தசையில் இருப்பது சில மைக்ரோவோல்ட், நன்றாக இறுக்கினால் சில நூறு. அவ்வளவுதான்.

அப்பாவை உட்கார வைத்து, முன்கையின் மேல்பக்கத்தில் ஒட்டி, மணிக்கட்டைத் தூக்கச் சொல்வார்கள். கை அசையாது. ஆனால் திரையில் 3, 4 மைக்ரோவோல்ட் என்று கிடந்த கோடு ஒரு தடவை 9க்கு எட்டிப் பார்த்துவிட்டு விழும். நாலு மாதமாக வரல, வரல என்றே கேட்டுக்கொண்டிருந்த மனுஷருக்கு, தன் கட்டளை போய்ச் சேருகிறது என்று அப்போதுதான் கண்ணால் தெரியும். களக்காட்டுப் பக்கம் வாழை போடுகிற ஒரு பெரியவர் கோடு ஏறியதைப் பார்த்துவிட்டு, "தாயி, அது நான் செஞ்சதா?" என்று கேட்டார். "நீங்கதான் ஐயா" என்றேன். அப்புறம் அவராகவே கையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, எந்த நினைப்பில் ஏறியதோ அந்த நினைப்பைத் தேட ஆரம்பித்தார். இலக்கை 8இல் வைத்தேன். பத்துக்கு ஏழு தடவை தொட்டதும் 10க்கு ஏற்றினேன். கூடவே விரலை மடக்குகிற தசையிலும் இன்னொரு ஜோடி பேட் ஒட்டி, அந்தக் கோடு ஏறாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். பக்கவாதக் கையில் ஒரு பக்கம் எழுப்ப வேண்டும், இன்னொரு பக்கம் அடக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஏறினால் கை கட்டையாகும், திறக்காது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பக்கவாதத்தில் இந்த முறையைப் பற்றிய ஆய்வுகளை 2007இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு மதிப்பீட்டு அமைப்பு தொகுத்துப் பார்த்தது. சில சிறிய ஆய்வுகளில் பலன் தெரிந்தது, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. அதனால் தினப்படி பயிற்சியோடு இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அதற்குப் பதிலாக வைக்காதீர்கள். தம்ளரைத் தூக்குவது, கதவுத் தாழ்ப்பாளைத் தள்ளுவது, துண்டை மடிப்பது எல்லாம் வலது கையாலேயே நடக்கட்டும். நாலு மாதம் ஆகிவிட்டதே என்று தளர வேண்டாம், தாமதமே இல்லை.

கேள்வி (வள்ளியூர்): எனக்குக் கையில் ஊசி குத்தி ஒரு டெஸ்ட் எடுத்தார்கள். அதற்கும் இ.எம்.ஜி. என்றுதான் எழுதியிருக்கிறது. இரண்டும் ஒன்றா?

பதில்: பெயர் ஒன்று, வேலை வேறு. ஊசி இ.எம்.ஜி. நோய் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க நரம்பு டாக்டர் எடுப்பது. நான் சொல்வது தோல்மேல் ஒட்டிப் பயிற்சிக்கு வைப்பது. இதை வைத்து நரம்பு அறுந்திருக்கிறதா என்று யாராவது தீர்ப்புச் சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி (முக்கூடல்): பீடி சுற்றுகிறேன், இருபது வருடம் இருக்கும். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் கல்லை வைத்த மாதிரி வலி. தைலம் தேய்த்தால் ராத்திரி மட்டும் கேட்கும். இந்த மெஷினில் எனக்கு ஏதாவது உண்டா மேடம்?

பதில்: உண்டு, மதினி. உங்களுக்கு நான் சொல்லப்போவது முன்னால் சொன்னதற்கு நேர் எதிர். அங்கே கோட்டை ஏற்றினோம், உங்களுக்கு இறக்க வேண்டும்.

முக்கூடலிலிருந்து வந்த ஒரு அக்காவை, வீட்டில் உட்காருவது போலவே தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காரச் சொன்னேன். தோள்பட்டை மேல் தசையில் பேட். இலையை எடுத்து, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டுகிறார். விரல் என்னமோ பறக்கிறது, ஆனால் உயர்ந்து நின்றது தோளின் கோடு. அதுகூடப் பரவாயில்லை. "போதும் அக்கா, கையைக் கீழே போடுங்க" என்றேன். கை இறங்கியது, கோடு பாதிதான் இறங்கியது. வேலை முடிந்தும் சதை வேலை செய்துகொண்டே இருக்கிறது. அவருக்கு அது தெரியவே இல்லை, "நான் சும்மாதானே இருக்கேன்" என்றார். வலியின் வேர் இதில்தான் இருக்கிறது. ஓய்வே கிடைக்காத சதை வலிக்கத்தான் செய்யும்.

திரையைப் பார்த்துத் தோளை எப்படி விடுவது என்று கற்றுக்கொள்ள அவருக்கு மூன்று தடவை போதுமாக இருந்தது. மூச்சை வெளியே விடும்போது கோடு தானாகச் சரிவதைக் கண்டுபிடித்தது அவர்தான், நான் சொல்லவில்லை. இப்போது ஒவ்வொரு கட்டு முடிந்ததும் ஒரு மூச்சு விட்டுத் தோளைக் கீழே போடுகிறார். கூடவே சுவரில் முதுகைச் சாய்த்து, மடிக்குக் கீழே ஒரு தலையணை வைத்துத் தட்டை உயர்த்திக்கொண்டார், தலை அவ்வளவு குனிய வேண்டியதில்லை. டென்ஷனால் வரும் தலைவலிக்கு இந்த முறையில் நல்ல பலன் என்று ஆய்வுகள் தெளிவாகச் சொல்கின்றன. கழுத்து வலிக்கும் உதவியதாகச் சில ஆய்வுகள் உண்டு. நீங்களும் தட்டை உயர்த்துவதிலிருந்து ஆரம்பியுங்கள், அதற்கு மெஷின் வேண்டாம். கை மரத்துப்போவது, பிடிப்புத் தளர்ந்து சாமான் நழுவுவது இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள்.

பீடி சுற்றுகிறவர்களின் தோள் வலியை வேலை செய்தால் வரத்தானே செய்யும் என்று வீட்டில் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் ரொம்ப வருத்தம் உண்டு.

கேள்வி (நாங்குநேரி): கபடி ஆடி முழங்காலில் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆகி மூன்று வாரம். தொடையை இறுக்கச் சொல்கிறார்கள், இறுக்கினால் ஒன்றுமே நடக்கவில்லை. சதை செத்துப்போச்சா?

பதில்: சாகவில்லை தம்பி, பூட்டிக் கிடக்கிறது. மூட்டில் நீர் கோத்திருந்தால், அந்த மூட்டைக் காப்பாற்ற தண்டுவடமே தொடைத் தசைக்குப் போகும் கட்டளையைக் குறைத்துவிடும். முழங்காலுக்குள் 20, 30 மில்லி திரவம் செலுத்தினாலே உள்பக்கத் தொடைச் சதை அடங்கிவிடுவதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். அது மிஞ்சிப்போனால் ரெண்டு மேசைக்கரண்டிதான். அதனால் முதல் வேலை வீக்கத்தை இறக்குவது. ஐஸ், காலை உயர்த்தி வைப்பது, டாக்டர் சொன்ன மருந்து. அடுத்து, முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அதை அழுத்தும்போது திரையைப் பாருங்கள். நல்ல காலில் முதலில் ஒட்டிப் பார்த்தால், இறுக்கினால் எப்படி இருக்கும் என்ற நினைவு திரும்ப வரும். நல்ல காலின் அளவுக்கு எத்தனை பங்கு வருகிறது என்று குறித்து வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கோடு உயர்ந்தால் பலம் கூடிவிட்டது என்று அர்த்தம் இல்லை. சதை களைத்துப்போகும்போது, அதே வேலைக்கு இன்னும் அதிக இழைகளைக் கூப்பிட வேண்டியிருப்பதால் கோடு ஏறும், பலமோ குறைந்துகொண்டிருக்கும். கோட்டை நம்பிக் களத்தில் இறங்கிவிடாதீர்கள். ஆட்டத்துக்குத் திரும்புவதற்குத் தனிச் சோதனைகள் இருக்கின்றன.

கேள்வி (மேலப்பாளையம்): கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறது. உள்ளே சென்சார் வைத்துப் பயிற்சி தருவதாக ஒரு இடத்தில் சொல்கிறார்கள், செலவு அதிகம்.

பதில்: கூச்சப்பட ஒன்றுமில்லை, தங்கச்சி. பிள்ளை பெற்ற நிறையப் பேருக்கு இருக்கிறது, சொல்வதில்லை. பிரிட்டனில் 600 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. ஒரு பாதிப் பேருக்கு இடுப்பு அடித்தளப் பயிற்சி மட்டும், மறுபாதிக்கு அதே பயிற்சியோடு இ.எம்.ஜி. பயோஃபீட்பேக். ரெண்டு வருடம் கழித்துக் கசிவின் அளவில் வித்தியாசம் இல்லை. ஆகவே அந்தச் செலவு வேண்டாம். பயிற்சியைச் சரியாகச் செய்கிறீர்களா என்று பெண் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் ஒரு தடவை சோதித்துக்கொண்டு, மூன்று மாதம் விடாமல் செய்யுங்கள். வாயு போகாமல் அடக்குவது போல உள்ளே மேலே இழுக்க வேண்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது, வயிற்றையும் தொடையையும் இறுக்கக் கூடாது. எந்தச் சதை என்றே பிடிபடாத சிலருக்கு மட்டும் ஒன்றிரண்டு தடவை மெஷினில் காட்டுவேன்.

கேள்வி (அம்பாசமுத்திரம்): முகவாதம் வந்து ஆறு மாதம். முகம் திரும்பிவிட்டது, ஆனால் கண்ணை மூடினால் வாய் ஓரம் இழுக்கிறது. இன்னும் கரண்டு வைக்கலாமா?

பதில்: வேண்டாம். நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும். வளரும்போது கண்ணுக்குப் போக வேண்டிய இழை வழிதவறி வாய்க்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. இப்போது பலமாகச் செய்யச் செய்ய அந்தத் தப்பு வழிதான் உரமாகும். கன்னத்தில் பேட் ஒட்டி, கோடு ஏறாத அளவுக்கு மட்டும் கண்ணை மெதுவாக, பாதி, முக்கால் என்று மூடிப் பழக வேண்டும். கண்ணாடி முன்னால் உட்கார்ந்தும் இதைச் செய்யலாம், பொறுமைதான் வேண்டும்.

கேள்வி (திசையன்விளை): மாமா பனையிலிருந்து விழுந்து தோள் நரம்பு இழுபட்டுவிட்டது. கை தொங்குகிறது. ரெண்டு மாதம் ஆச்சு. நரம்பு வந்துவிடும், காத்திருங்கள் என்கிறார்கள்.

பதில்: காத்திருப்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கழுத்தடியிலிருந்து மேல்கைச் சதை வரை நரம்பு வளர்ந்து வர மாதக்கணக்கில் ஆகும், அது உண்மை. ஆனால் மூன்று மாதத்தில் உயிர்ப்பு எதுவும் தெரியாவிட்டால், நரம்பு ஆபரேஷன் செய்கிற டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். ஆறு மாதத்துக்குள் செய்தால்தான் நல்ல பலன், தள்ளிப்போனால் சதை வீணாகிவிடும். இந்த வாரமே நரம்பு டாக்டரிடம் ஊசி டெஸ்ட்டுக்கு நாள் கேளுங்கள். பயோஃபீட்பேக் அதற்கு அப்புறம், நரம்பு வந்து சேர ஆரம்பித்த பிறகு. அதுவரை விரல், மணிக்கட்டு, முழங்கை, தோள் மூட்டுகளைத் தினமும் மெதுவாக அசைத்து வையுங்கள். தூளி கட்டிக் கையைத் தாங்குங்கள், தோள் கீழே இறங்கிவிடாமல்.

கேள்வி (பிசியோதெரபி மாணவி): மேடம், எங்களுக்குக் கோடு கன்னாபின்னாவென்று ஆடுகிறது. மெஷின் கோளாறா?

பதில்: மெஷினைத் திட்டுவதற்கு முன்னால் தோலைப் பாரம்மா. நம் ஊரில் பாதிப் பேர் தேங்காய் எண்ணெயோ தைலமோ தேய்த்துக்கொண்டுதான் வருவார்கள். எண்ணெய்க்கு மேல் பேட் ஒட்டாது, ஒட்டினாலும் வியர்வையில் நழுவும். ஸ்பிரிட் பஞ்சால் நன்றாகத் துடை, முடி இருந்தால் மழி, காயவிடு. இரண்டு பேட்டின் மையங்களுக்கும் 20 மில்லிமீட்டர் இடைவெளி, இழை ஓடுகிற திசையில், சதையின் நடுப்பாகத்தில். ஒயர் ஆடாமல் பிளாஸ்டர் போடு. வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் உள்ளே புகும், பக்கத்தில் ஃபேன் ரெகுலேட்டரும் சார்ஜரும் இருந்தால் தள்ளி வை. பேட் இருந்த இடத்தைப் பேனாவால் வட்டம் போட்டு வை. அடுத்த தடவை ஒரு அங்குலம் தள்ளி ஒட்டிவிட்டு நேற்று 40, இன்று 60 என்று எழுதினால் அதற்கு அர்த்தமே இல்லை.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை): இது இப்போது வந்த கண்டுபிடிப்பா?

பதில்: இல்லை சார். மனிதன் தானாகச் சதையை இறுக்கும்போது மின்சாரம் எழுவதை ஜெர்மனியில் டு புவா ரேமோன் என்ற விஞ்ஞானி 1849இலேயே பதிவு செய்தார். 1963இல் பாஸ்மாஜியன் என்ற ஆய்வாளர் ஒரு அதிசயத்தைக் காட்டினார். ஒற்றை நரம்பணுவும் அது இயக்கும் இழைகளும் எழுப்புகிற துடிப்பைக் கண்ணால் பார்த்து, காதால் கேட்டால், அந்த ஒன்றை மட்டும் தன் விருப்பப்படி இயக்க மனிதர்கள் கற்றுக்கொள்கிறார்கள் என்று. இன்றுவரை என் வேலைக்கு அடிப்படை அதுதான்.

கேள்வி (தச்சநல்லூர்): இதய பேஸ்மேக்கர் இருக்கிறது. வைக்கலாமா? இன்னொன்று, சின்ன மெஷினை ஆன்லைனில் வாங்கி வீட்டிலேயே செய்யலாமா?

பதில்: அளக்க மட்டும் செய்கிற மெஷின் என்றால் பயமில்லை. அளப்பதோடு கரண்டும் கொடுக்கிற மெஷின்கள் இருக்கின்றன, அவை இதய டாக்டர் சம்மதிக்காமல் கூடாது. வாங்குவதைப் பொறுத்தவரை, முதல் சில வாரம் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், எந்தச் சதையில் ஒட்டுவது, ஏற்றுவதா இறக்குவதா என்று அவர்தான் சொல்ல முடியும். அப்புறம் திரையைப் பார்க்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். பத்துத் தடவையும் பார்த்தே செய்து பழகினால், திரை இல்லாதபோது கை கேட்காது. நான் ஐந்து தடவை காட்டுவேன், அடுத்த ஐந்துக்குத் திரையைத் திருப்பி வைத்துவிட்டு "எவ்வளவு வந்திருக்கும், சொல்லுங்க" என்பேன். அவர்கள் சொல்வதும் மெஷின் காட்டுவதும் ஒத்துப்போக ஆரம்பித்தால் மெஷினை மூட்டை கட்டலாம். சொந்தமாக வாங்கி வைத்துக்கொண்டால் மூடவே மனசு வராது.

கேள்வி (பத்தமடை): ஆச்சிக்கு 74 வயது, கோரைப் பாய் நெய்தவர். பக்கவாதத்துக்கு அப்புறம் இடது பாதம் தூக்க வராமல் விரல் தரையில் உரசுகிறது. பஸ் ஏறி உங்களிடம் வர முடியாது. மெஷின் இல்லாமல் வழி உண்டா?

பதில்: உண்டு. 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆச்சியின் பெயரைக் கொடுத்து வையுங்கள்.

அதுவரை உங்கள் விரல்தான் மெஷின். ஆச்சியை நாற்காலியில் உட்கார வைத்து, குதிகால் தரையில் இருக்கட்டும். முழங்காலுக்கு நாலு விரற்கடை கீழே, முன்எலும்புக்கு வெளிப்பக்கமாக உங்கள் ரெண்டு விரலை வையுங்கள். முதலில் நல்ல காலில். பாதத்தைத் தூக்கச் சொன்னால் விரலுக்கு அடியில் சதை புடைத்து எழும். ஆச்சியின் விரலையும் அங்கே வைத்து அதை உணர வையுங்கள். அப்புறம் இடது காலில் அதே இடம். பாதம் அசையாவிட்டாலும் அடியில் ஒரு சின்ன இறுக்கம் வரலாம். வந்த நொடியே "இப்ப வந்துட்டு ஆச்சி" என்று சொல்லிவிடுங்கள், ரெண்டு நொடி கழித்துச் சொன்னால் எதைச் செய்ததால் வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. பத்துத் தடவை, நடுவில் ஓய்வு, காலையும் சாயங்காலமும். நடக்கும்போது விழாமல் இருக்கப் பாதத்தைத் தாங்கும் பட்டை ஒன்றும் வேண்டும், வருகிறவரிடம் கேளுங்கள்.

நாளைக் காலை காபி குடித்து முடித்ததும் ஒரு தடவை செய்து பார்த்துவிட்டு, விரலுக்கு அடியில் என்ன தெரிந்தது என்று எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்து அடுத்தது சொல்கிறேன்.