துவரைக்கு நடுவில் நின்ற செடி: வாசகர் கேள்வி, பழைய வனத்துறை ரேஞ்சர் பதில்

போன முறை காட்டுத்தீ பற்றி எழுதியதற்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன, அவற்றை அடுத்த இதழில் பார்த்துக்கொள்ளலாம். இந்த முறை ஒரே ஒரு கடிதம் மற்றதையெல்லாம் தள்ளிவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கு முன் ஒரு சின்னக் கேள்வி.

ரேஞ்சர் என்றால் சினிமாவில் ஜீப், துப்பாக்கி, கூலிங் கிளாஸ். உங்களிடம் இதில் எது இருந்தது?
– ஒரு வாசகர், ஆற்காடு

ஜீப் இருந்தது, அதைத் தள்ள இரண்டு வாட்சர்களும் இருந்தார்கள். துப்பாக்கி ஆபீஸ் பெட்டியில் இருந்தது, சாவி எங்கே என்று கேட்டால் மூன்று பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். கூலிங் கிளாஸ் என் மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. பேரணாம்பட்டுப் பக்கம், ஆந்திரக் காட்டிலிருந்து இறங்கிய யானையை விரட்டப் போன முதல் நாளே அது ஓடையோடு போய்விட்டது.

ஐயா, வேலூரை ஒட்டிய மலைச் சரகம் ஒன்றில் ரேஞ்சராக இருக்கிறேன். பெயரும் சரகமும் வேண்டாம். வந்து பதினான்கு மாதம் ஆகிறது. மார்கழியில் ரோந்து போனபோது ஓடைக்கு மேலே துவரைக்கு நடுவில் ஆள் உயரத்துக்குக் கஞ்சாச் செடி நிற்பதைப் பார்த்தேன். ஊற்றிலிருந்து கறுப்பு ஓஸ் பைப் இழுத்து, யூரியா மூட்டையைத் தார்ப்பாய் போட்டு மூடி, அக்கறையாக வளர்த்திருந்தார்கள். இடத்தை எனக்குச் சொன்னது ஆடு மேய்க்கிற ஒரு பையன், பத்தொன்பது வயது. பத்தே நாளில் யாரோ அவன் காலை உடைத்துப் போட்டார்கள். பைக்கிலிருந்து விழுந்தேன் என்கிறான், என் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டேன் என்கிறான். செடியும் ஒரே ராத்திரியில் அறுபட்டுப் போயிற்று. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. மாத்திரை போடுகிறேன், சில நாள் மாத்திரையோடு வேறொன்றும் உண்டு. ராத்திரியில் தனியாக அடிவாரத்தில் போய் நின்று, விளக்குப் போடாமல் இறங்கும் வண்டிகளின் நம்பரைக் குறித்துக்கொள்கிறேன். ஒரு நோட்டு முடிந்து இரண்டாவது ஓடுகிறது. அதில் ஒரு வண்டி என் வாட்சரின் மச்சானுடையது. மேலே சொன்னால், "மரம், மான், தீ, இதைப் பார்க்கவே ஆள் இல்லை, போலீஸ் வேலையைப் போலீஸ் பார்க்கட்டும்" என்கிறார்கள். மனைவி பிள்ளைகளோடு அவள் அப்பா வீட்டில் இருக்கிறாள். நான் செய்வது சரிதானே? சரி என்றால் ஏன் திருடனைப் போல நடந்துகொண்டிருக்கிறேன்?
– பெயர் வேண்டாம், வேலூர் மாவட்டம்

தம்பி, வயதில் மூத்தவன் என்பதால் அப்படிக் கூப்பிடுகிறேன். உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். ஓஸ் பைப்பின் நிறம் இருக்கிறது, வண்டி நம்பர் இருக்கிறது, ஆனால் அந்தப் பையனின் ஆஸ்பத்திரிச் செலவை யார் பார்த்தார்கள் என்று ஒரு வரி இல்லை. உங்கள் தூக்கம் அங்கேதான் போயிருக்கிறது என்பது என் கணிப்பு. அதற்காக நாளைக்கே அவன் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். ஜீப் அவன் வாசலில் நின்றதைப் பார்த்துத்தான் காலை உடைத்தார்களோ என்னவோ. ஊர் நர்ஸம்மா, பள்ளிக்கூடத்து வாத்தியார், இப்படி யாராவது வழக்கமாகப் போய்வருகிறவர் கையில் பணம் கொடுத்தனுப்புங்கள். அவன் பெயர் அந்த நோட்டில் இருந்தால் இன்றைக்கே அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போடுங்கள். தகவல் யார் கொடுத்தார்கள் என்று சொல்லச் சொல்லி, போதைப்பொருள் சட்டப்படி நடவடிக்கை எடுக்கிற அதிகாரியை யாரும் கட்டாயப்படுத்த முடியாது, 68ஆவது பிரிவு அதற்காகவே இருக்கிறது. ஆனால் சட்டம் காக்கிற ரகசியத்தை டீக்கடை காக்காது. சரகத்தில் நீங்கள் யாரிடம் பேசினீர்கள் என்பதை எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

அடுத்து, செடி நின்ற இடம் ரிசர்வ் காடா, பட்டா நிலமா? கடிதத்தில் அதுவும் இல்லை. எல்லைக் கல்லைப் பார்த்து, ஜி.பி.எஸ். அளவு எடுத்து முதலில் அதை முடிவு செய்யுங்கள். ரிசர்வ் காடு என்றால் அங்கே துவரை போட்டதே குற்றம், 1882ஆம் வருடத்துத் தமிழ்நாடு வனச் சட்டத்தின் 21ஆவது பிரிவு போதும், அந்தக் கேஸை நீங்களே போடலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கஞ்சா விஷயம் வேறு. 1985ஆம் வருடத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில், 42ஆவது பிரிவின் கீழ் யாருக்கு அதிகாரம் தரப்பட்டிருக்கிறதோ அவர்கள்தான் உள்ளே நுழைந்து சோதனை போட வேண்டும். பொழுது சாய்ந்தபிறகு வாரண்ட் இல்லாமல் நுழைந்தால் ஏன் நுழைந்தேன் என்று காரணத்தை எழுதி வைக்க வேண்டும், அதன் நகலை 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். இதில் ஒரு படி தவறினாலும் எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தீபாவளி.

"போலீஸ் வேலையைப் போலீஸ் பார்க்கட்டும்" என்று உங்களுக்குச் சொன்னவர்கள் அதே சட்டத்தின் 47ஆவது பிரிவைப் படித்திருக்க மாட்டார்கள். ஒரு நிலத்தில் கஞ்சா போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால், எந்தத் துறையாக இருந்தாலும் சரி, அரசு அதிகாரி உடனே போலீஸுக்கோ 42இல் சொல்லப்பட்ட துறைகளுக்கோ தகவல் தந்தாக வேண்டும். தராமல் இருந்தால் அவர் மேலேயே நடவடிக்கை வரும். சொல்வது நம் கடமை, பிடிப்பது அவர்கள் வேலை, அவ்வளவுதான். ஆகவே அந்த இரண்டு நோட்டையும் மூடிவிட்டு ஒரு தாளை எடுங்கள். தேதி, இடம், அளவு, பார்த்தது, கூட இருந்தவர்கள். மாவட்ட வன அலுவலருக்கு ஒன்று, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஒன்று, அனுப்பியதற்கான ரசீது உங்கள் கையில். ராத்திரி இரண்டு மணிக்கு ஒருத்தர் தனியாகக் குறித்த வண்டி நம்பர் கோர்ட்டில் பத்துப் பைசா பெறாது, அதையே கடிதமாக எழுதி அனுப்பினால் ஒரு இன்ஸ்பெக்டர் பதில் சொல்லியே ஆக வேண்டும். வாயால் சொன்னதை யாரும் கேட்டதாக ஒத்துக்கொள்ள மாட்டார்கள், நீங்கள் இன்னுமா வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்?

தனியாகப் போவதைப் பற்றி எனக்குச் சொல்ல அருகதை உண்டு, ஏனென்றால் நானும் போனவன். அப்போது இது இன்னும் வட ஆற்காடு, சந்தனக் கட்டைக் காலம். ஒரு அமாவாசை ராத்திரி, கட்டை இறங்குகிறது என்று தகவல் வந்ததும் யாரையும் நம்பாமல் நான் மட்டும் போனேன். பள்ளத்தில் விழுந்து முட்டி பிசகி விடியும்வரை கிடந்தேன். விறகு பொறுக்க வந்த ஒரு கிழவி என்னைப் பார்த்துவிட்டு முதலில் செத்துக் கிடக்கிறேன் என்று நினைத்து ஓடிப்போய், அப்புறம் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கட்டை வேறு வழியாகப் போயிருந்தது. அடுத்த வருடம் அதே கோஷ்டியில் இரண்டு பேரைச் சரக்கோடு பிடித்தேன், கேஸ் நிற்கவில்லை. மகஜரில், அதாவது சரக்கைக் கைப்பற்றியதற்கு எழுதுகிற தாளில், காலை ஐந்து மணி என்றும் இன்னொரு தாளில் மாலை ஐந்து மணி என்றும் எழுதியிருந்தேன், தூக்கக் கலக்கத்தில், என் கையெழுத்தில். யாரையும் குறை சொல்ல முடியவில்லை. தூங்காத ரேஞ்சரால் குற்றவாளிக்குத்தான் லாபம் என்பதை அன்றைக்குக் கற்றுக்கொண்டேன், நீங்கள் இவ்வளவு செலவு செய்து கற்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் செடியையும் வண்டி நம்பரையும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். செடி மலையில் இருக்கிறது, கோஷ்டி மலையில் இருக்காது. துவரை போட்டவன் கையில் விதையும் கொஞ்சம் முன்பணமும் கொடுத்துவிட்டு, அறுப்புக்கு மட்டும் ஆள் அனுப்புகிறவன் அடிவாரத்திலோ டவுனிலோ வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பிடிபட்டால் உள்ளே போவது விவசாயி. பயிர் செய்ததற்குப் பத்து வருடம் வரை தண்டனை. சரக்கு 20 கிலோவைத் தாண்டிவிட்டால் குறைந்தது பத்து வருடம், ஜாமீனும் லேசில் கிடைக்காது, 37ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். பணம் போட்டவனுக்கு 27ஏ, கூட்டுச் சதிக்கு 29 என்று சட்டத்தில் எல்லாம் இருக்கிறது, அவனை அந்தப் பிரிவு வரைக்கும் கொண்டுபோக யூரியா மூட்டையும் ஓஸ் பைப்பும்தான் உதவும். அந்த மூட்டை எந்தக் கடை, அவ்வளவு நீள பைப்பை யார் ஒரே நாளில் வாங்கினார்கள், துவரை போட்டவன் திடீரென்று யாருக்கு என்ன கடன் அடைத்தான், இந்த மூன்றையும் அந்தத் தாளில் எழுதினால் விசாரிக்கிறவருக்கு நூல் நுனி கிடைக்கும். இன்னும் ஒரு நுணுக்கம். சட்டத்தில் கஞ்சா என்றால் பூவும் காயும் உள்ள நுனி, அந்த நுனியோடு சேராத தனி இலையும் விதையும் கணக்கில் வராது. வேரோடு பிடுங்கி மண்ணோடு எடை போட்டு நாற்பது கிலோ என்று எழுதினால் அந்த எடை கோர்ட்டில் கரைந்துவிடும். அடுத்த முறை செடியைப் பார்த்தால் கை வைக்காதீர்கள், காவல் போட்டுவிட்டுத் தகவல் சொல்லுங்கள்.

வாட்சரின் மச்சான் விஷயம். மலையில் யாருக்கு யார் மச்சான் இல்லை? அதை வைத்து அவரைத் திருடன் ஆக்காதீர்கள், நல்லவன் என்றும் முடிவு கட்டாதீர்கள். ரோந்து எந்த வழி என்பதை ஜீப் கிளம்பியபிறகு சொல்லுங்கள், ஒரு மாதம் போதும், தெரிந்துவிடும்.

கடைசியாக, மாத்திரையோடு போடுகிற அந்த வேறொன்று. அதை நிறுத்துங்கள் என்று நான் சொல்லி நீங்கள் நிறுத்தப் போவதில்லை, உயிருக்கே ஆபத்தான சேர்க்கை என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். 14416 என்று ஒரு எண் இருக்கிறது, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள், ரேஞ்சரா ராஜாவா என்று கேட்க மாட்டார்கள். அடிவாரத்தில் போய் நிற்கிற அந்த இரண்டு மணிக்கு அங்கே கூப்பிடுங்கள். அப்புறம் கடிதத்தை அனுப்பிய மறுநாளே ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு மாமனார் வீட்டுக்குப் போங்கள். டிரான்ஸ்ஃபர் கேட்பதா வேண்டாமா என்பதை மனைவியோடு உட்கார்ந்து பேசுங்கள், என்னோடு அல்ல.

சந்தனம், செம்மரம், சாராயம், இப்போது கஞ்சா. எது நடந்தாலும் மலைக்காரர்கள் மேலேயே பழி போடுகிறார்களே, இது நியாயமா?
– ஒரு வாசகர், ஜமுனாமரத்தூர்

நியாயம் இல்லை. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப்படை சுட்டதில் 20 பேர் செத்தார்கள், உங்கள் ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் உண்டு. செம்மரத்தை வெட்டித் தோளில் சுமந்தவர்கள் செத்தார்கள், வாங்கி விற்றவன் எவனும் அன்றைக்குக் காட்டில் இல்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சாமை போட்டு, புளி உலுக்கி, தேன் எடுத்து ஒரு வருடத்தில் கிடைப்பதை ஒரு ராத்திரியில் தருகிறேன் என்று ஒருவன் வந்தால், அவன் முகவரியை முதலில் கேட்கச் சொல்லுங்கள். கொடுக்க மாட்டான்.

காட்பாடி ஸ்டேஷனில் ஒருவர் "இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கோ தம்பி" என்று வைத்துவிட்டுப் போனார். பயந்து நகர்ந்துவிட்டேன். செய்தது சரியா?
– கல்லூரி மாணவர், காட்பாடி

ரொம்பச் சரி, ரயில்வே போலீஸிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்னும் சரி. ஆந்திர ஒடிசா எல்லை மலைகளிலிருந்து கிளம்பும் கஞ்சா ரயிலேறி வருகிற வழியில் காட்பாடி ஒரு முக்கியமான ஜங்ஷன். பை உங்கள் கையில் இருந்தால், உள்ளே இருப்பது உங்களுக்குத் தெரியும் என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும், போதைப்பொருள் சட்டத்தின் 35ஆவது பிரிவு. இரண்டு வருடம் வாய்தாவுக்கு அலைந்து நிரூபித்தாலும் படிப்பு போனது போனதுதான்.

என் மகனுக்குப் பதினெட்டு வயது. சட்டைப் பையில் பொட்டலம் பார்த்தேன். வெளியே சொன்னால் போலீஸ் பிடிக்குமோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், குடியாத்தம்

அம்மா, கஞ்சா என்றால் ஒரு கிலோ வரைக்கும் சின்ன அளவு என்கிறது போதைப்பொருள் சட்டம். அடிமையாகிவிட்ட ஒருவர் தானாகவே முன்வந்து அரசு ஏற்ற மருத்துவமனையில் சிகிச்சை எடுத்து முடித்தால், அந்தச் சின்ன அளவுக்காக வழக்கு நடத்தாமல் விட 64ஏ பிரிவு வழி வைத்திருக்கிறது. வைத்தியத்துக்குப் போகப் பயப்பட வேண்டாம். அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநலப் பிரிவு இருக்கிறது. விற்றவனைப் பற்றிச் சொல்ல நினைத்தால் போதைப்பொருள் புகார் எண்ணான 1933க்கு கூப்பிடலாம், ஆனால் அது அப்புறம். முதலில் பையனிடம் கத்தாமல் கேளுங்கள், எப்போதிலிருந்து என்று மட்டும். போகிற அன்றைக்கு சித்தப்பா, பெரியப்பா என்று ஒரு கூட்டத்தைச் சேர்க்காதீர்கள். நீங்களும் அவனும் மட்டும் பஸ் ஏறுங்கள், ஜன்னல் சீட்டை அவனுக்குக் கொடுங்கள்.