மேடையை அறுக்கும் முன் இழுப்பறையைத் திறந்து பாருங்கள்

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூனில் மறுவிற்பனையில் வாங்கிய நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சமையலறையைப் புதுப்பிக்கிறோம். எரிவாயு அடுப்பை எடுத்துவிட்டு, மேடைக்குள் பதிக்கும் இண்டக்‌ஷன் அடுப்பு வைக்கப் போகிறோம். பழைய அடுப்பு இருந்த துளையிலேயே பொருத்திவிடலாம் என்கிறார் குத்தகையாளர். அடுப்புக்கு நேர் கீழே கரண்டி, கத்தி வைக்கும் இழுப்பறை இருக்கிறது. வலப்பக்கம் குளிர்பதனப் பெட்டிக்கான உயரமான அலமாரி. எங்கெங்கே எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

பதில்: கல்லை அறுப்பதை இப்போதைக்கு நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். அடுப்பை வாங்கி, அது வீட்டுக்கு வந்து சேர்ந்து, பெட்டிக்குள் இருக்கும் பொருத்தும் கையேட்டைக் குத்தகையாளரிடம் கொடுத்த பிறகுதான் ரம்பத்தை எடுக்க வேண்டும். பழைய துளை புது அடுப்புக்கு அப்படியே பொருந்துவது அபூர்வம். 60 செ.மீ. அகல இண்டக்‌ஷன் அடுப்புகள் பலவற்றுக்கு 560 மி.மீ. அகலமும் 490 மி.மீ. ஆழமும் கொண்ட துளை தேவை. இங்கே புழக்கத்தில் உள்ள இரட்டை எரிவாயு அடுப்புகளின் துளை பெரும்பாலும் அதைவிட அகலமாகவும் ஆழம் குறைவாகவும் இருக்கும். ஆழம் போதாவிட்டால் அறுத்துக்கொள்ளலாம். அகலம் கூடிப்போயிருந்தால் கண்ணாடி உட்கார விளிம்பே இருக்காது. அந்தத் துளையை மூடும் அளவுக்கு அகலமான மாடலைத் தேட வேண்டும், இல்லையென்றால் கல்லையே மாற்ற வேண்டும்.

இடைவெளி என்றதும் எல்லாரும் மேடைக்கு மேலேயே பார்க்கிறார்கள். இந்த அடுப்பின் ஆயுளைத் தீர்மானிப்பது மேடைக்குக் கீழே உள்ள காற்று. எரிவாயு அடுப்பின் சூடு மேல்நோக்கிப் போய்விடும். இண்டக்‌ஷனில், கண்ணாடிக்கு அடியில் உள்ள கம்பிச்சுருளில் மின்னோட்டம் நொடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறுகிறது. அதனால் எழும் காந்தப்புலம் பாத்திரத்தின் அடிப்பகுதியில் மின்சாரத்தைத் தூண்டி, பாத்திரத்தையே சூடாக்குகிறது. அந்தச் சுருளை இயக்கும் மின்னணுப் பலகைகளும் கூடவே சூடாகின்றன. அவற்றைக் குளிர்விக்க ஒரு சிறிய மின்விசிறி கீழேயிருந்து காற்றை இழுத்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். சுற்றிலும் அடைத்த பெட்டிக்குள் அடுப்பைப் பதித்துவிட்டால், தான் வெளியே தள்ளிய சூடான காற்றையே அது திரும்ப உறிஞ்சும். பிறகு உள்ளே இருக்கும் வெப்ப உணரி தானாகவே சக்தியைக் குறைக்கும். சாம்பார் பாதி கொதித்த நிலையில் அடங்கிப்போகும். திரையில் ஏதோ ஒரு குறியீடு மின்னும். அடுப்பு மட்டம் என்று கடைக்காரரைக் குறை சொல்வோம். சிங்கப்பூரில் சமையலறைக் காற்றே பெரும்பாலும் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டி இருக்கிறது, அதனால் விட்டுக்கொடுக்க இங்கே இடம் குறைவு.

இனி அளவுகளுக்கு வருகிறேன். அடுப்பின் அடிப்பாகத்துக்கும் அதற்குக் கீழே உள்ள எதற்கும் இடையே குறைந்தது 20 மி.மீ. வெற்றிடம் வேண்டும் என்று பல தயாரிப்பாளர்கள் கேட்கிறார்கள். சில மாடல்கள் இன்னும் கூடுதலாகக் கேட்கும். உங்கள் மாடலின் கையேடு சொல்வதுதான் இறுதி. அடுப்பின் உடல் மேடைப் பரப்பிலிருந்து 55 மி.மீ. கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், 20 மி.மீ. சேர்த்து 75 மி.மீ. ஆழம் வரை எதுவும் இருக்கக்கூடாது. மேல் இழுப்பறையின் உயரத்தில் ஒரு பகுதியை இழக்கத்தான் வேண்டும். அங்கே கரண்டிகளைக் குவித்து வைக்க முடியாது. கத்திகளையும் கரண்டிகளையும் பக்கத்து இழுப்பறைக்கு மாற்றிவிட்டு, இதில் தட்டையான துணி, கைப்பிடித் துணி ஆகியவற்றை வைக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். எளிதில் தீப்பற்றும் பொருளும் தெளிப்பான் டப்பாக்களும் அந்த இழுப்பறைக்கு ஆகவே ஆகாது.

இழுப்பறை வேண்டும் என்றால் அதற்கும் அடுப்புக்கும் இடையே கழற்றி மாட்டக்கூடிய ஒரு தடுப்புப் பலகை அமைக்கச் சொல்லுங்கள். தெம்பனிஸில் ஒரு வீட்டுக்குப் பழுது பார்க்கப் போனபோது அடுப்பைத் தூக்கித் திருப்பினேன். காற்று நுழையும் துளைகளின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்று தோலைப் போல ஒட்டிக்கொண்டிருந்தது. இழுப்பறையில் மடித்து வைத்திருந்த பையை மின்விசிறி மேலே இழுத்திருக்கிறது. பையைப் பிரித்து எடுத்ததும் அடுப்பு சரியாக வேலை செய்தது. தடுப்புப் பலகை இருந்திருந்தால் அந்தக் குடும்பம் வாரக்கணக்கில் தவித்திருக்காது.

அந்தப் பலகை காற்றையும் அடைத்துவிடக்கூடாது. அதனால் பலகையின் பின்விளிம்புக்கும் சுவருக்கும் இடையே, அகலம் முழுக்க, 20 முதல் 50 மி.மீ. வரை இடைவெளி விடுவது வழக்கம். முன்புறம், மேடை விளிம்புக்கும் இழுப்பறையின் முகப்புக்கும் இடையே சில மில்லிமீட்டர் சந்து இருக்க வேண்டும் என்றும் பல கையேடுகள் சொல்கின்றன. நம் தச்சர்கள் அலமாரியின் பின்பலகையை மேடையைத் தொடும்வரை கட்டி, நேர்த்தியாக மூடிவிடுவார்கள். வேலை சுத்தமாகத்தான் இருக்கும், ஆனால் அடுப்புக்கு மூச்சு முட்டும். பின்பலகையின் மேல்பகுதியை அறுத்துவிடச் சொல்லி, நீங்களே விரல் விட்டுப் பார்த்துவிடுங்கள்.

மேடையின் மேற்பரப்பில் கணக்கு எளிது. மேடையின் ஆழம் 600 மி.மீ. என்றால் துளையின் 490 போக மீதி 110. பின்சுவரிலிருந்து துளைவரை 50, முன்விளிம்பில் 60 என்று பிரிக்கலாம். பழைய வீடுகளில் ஓடு பதித்த கான்கிரீட் மேடை 550 மி.மீ. ஆழமே இருந்தால் மிஞ்சுவது 60தான். அதில் எப்படிப் பிரித்தாலும் ஒரு பக்கம் போதாது, ஆழம் குறைந்த மாடல்தான் வழி. ஆகவே அளவுநாடாவோடு போய் அடுப்பை வாங்குங்கள்.

உயரமான அலமாரிக்கும் அடுப்புக்கும் இடையே 100 மி.மீ. போதும் என்று சில கையேடுகள் அனுமதிக்கின்றன. என்னைக் கேட்டால் 300 மி.மீ. விடுங்கள். பெரிய சட்டியின் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கிளறும் கைக்கு முழங்கை இடிக்காத இடம் வேண்டும், தாளிக்கும்போது தெறிக்கும் எண்ணெய் அலமாரியின் பக்கவாட்டில் படியும். மேலே உள்ள புகை உறிஞ்சிக்கு, மின்சார அடுப்பென்றால் 650 மி.மீ. அளவில் உயரம் கேட்பார்கள். அதை உறிஞ்சியின் கையேட்டில் பாருங்கள்.

துளை வெட்டும்போது நான்கு உள்மூலைகளும் கூராக இல்லாமல் வளைவாக இருக்க வேண்டும். குவார்ட்ஸ் கல்லிலும் சின்டர்டு கல்லிலும் விரிசல் கூரான மூலையிலிருந்துதான் கிளம்பும். முன்புறம் மிஞ்சும் குறுகலான பட்டைக்குக் கீழே தாங்கல் கொடுக்கச் சொல்லுங்கள். லேமினேட் ஒட்டிய பலகை என்றால், வெட்டிய விளிம்பைச் சிலிக்கோனால் நன்றாகப் பூசாவிட்டால் நம் ஈரப்பதத்தில் ஊதிவிடும். ஆனால் கண்ணாடியை மேடையோடு சிலிக்கோன் வைத்து ஒட்டவிடாதீர்கள். அடுப்போடு வரும் பஞ்சுப்பட்டையே போதும். ஒட்டிவிட்டால் நாளை பழுது பார்க்கக் கழற்றும்போது கண்ணாடியோ கல்லோ உடையும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். மின்சாரம். 13 ஆம்பியர் செருகியில் 230 வோல்ட்டில் கிடைப்பது சுமார் 3 கிலோவாட். அதற்குள் அடங்கும்படி வடிவமைத்த இரட்டை அடுப்புகள் உண்டு. பாத்திரம் வைக்க நான்கு வட்டங்கள் கொண்டவை 7.4 கிலோவாட் வரை போகும், அதற்குத் தனி 32 ஆம்பியர் மின்சுற்று வேண்டும். பழைய வீவக வீடுகள் சிலவற்றின் முதன்மை சுவிட்ச் 30 ஆம்பியர், அதாவது வீடு முழுவதற்கும் 6.9 கிலோவாட். 40 ஆம்பியர் என்றால் 9.2. குளியலறையில் உடனடி நீர்ச்சூடேற்றி ஒன்றே 3.3 கிலோவாட் எடுக்கும்போது, குளிர்சாதனமும் ஓட, நான்கு வட்டங்களையும் முழு வேகத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே பாருங்கள். உச்ச சக்தியைக் குறைத்து அமைத்துக்கொள்ளும் வசதி உள்ள மாடலை வாங்குவது நல்லது.

மின்பெட்டியைத் திறந்து இதையெல்லாம் பார்க்க வேண்டியவர் எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளர். கம்பியின் தடிமன், தனிச்சுற்று, அடுப்பைத் துண்டிக்கும் சுவிட்ச் எல்லாம் அவர் பொறுப்பு. அந்த சுவிட்ச் அடுப்பைத் தாண்டிக் கைநீட்டாமல் எட்டும் இடத்தில் இருக்கட்டும். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி கருவி உங்கள் வீட்டில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். 2023 ஜூலை 1 முதல் எல்லா வீடுகளிலும் அது கட்டாயம். 1985 ஜூலைக்கு முன் கட்டிய வீடுகளுக்குக் கொடுத்த அவகாசமும் 2025 ஜூலை 1 அன்று முடிந்துவிட்டது. பழைய எரிவாயுக் குழாயை மூடி அடைப்பதும் உரிமம் பெற்ற எரிவாயுப் பணியாளரின் வேலை. குத்தகையாளரின் ஆட்கள் அதைத் தொடக்கூடாது.

பாத்திரங்களுக்குக் காந்தம் ஒன்றே சோதனை. அடியில் ஒட்டினால் ஆகும். அலுமினியக் குக்கரும் பித்தளைப் பானையும் ஆகாது. இரும்புத் தோசைக்கல் அடி சமமாக இருந்தால் நன்றாகவே வேலை செய்யும். முதலில் மிதமான சூட்டில் சற்று நேரம் வையுங்கள், இல்லையென்றால் நடுவில் கருகி ஓரம் வேகாது.

பொருத்துபவர் கிளம்புவதற்கு முன் எல்லா வட்டங்களிலும் தண்ணீர்ப் பாத்திரம் வைத்து, மேல் வேகத்தில் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். பிறகு கீழ் இழுப்பறையைத் திறந்து கையை உள்ளே விடுங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம். சூடு தாங்கவில்லை என்றாலோ, சக்தி தானாகக் குறைந்தாலோ, காற்றுவழி போதவில்லை என்று அர்த்தம். பின்பலகையை இன்னும் கொஞ்சம் அறுக்கச் சொல்லுங்கள். ரம்பமும் ஆளும் அங்கே இருக்கும்போதே அது முடிந்துவிடும்.