திருகோணமலையைச் சுவரில் மாட்டப் போகிறீர்களா?

கே: திருகோணமலை போன மச்சான் கோட்டை, கோணேசர் கோயில், விரிகுடா எல்லாம் ஒரே பனோரமாவாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். போனில் பளிச்சென்று இருக்கிறது. ஐந்தடி அகலத்தில் பிரிண்ட் போடலாமா?

ப: போடாதீர்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் ஏறக்குறைய 1,600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். அதை 60 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 27 பிக்சல்கூடத் தேறாது, கோபுரம் களிமண் உருண்டையாகத்தான் தெரியும். 150 இருந்தால் நன்றாக வரும், அதற்கு 9,000 பிக்சல் அகலம் வேண்டும். மூலப்படத்தை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். எத்தனை தடவைதான் இதையே எழுதுவது?

கே: கோணேசர் கோயில் நிற்கும் குன்றான ‘சுவாமி மலையிலிருந்து வங்கக் கடலில் சூரிய அஸ்தமனம்’ என்று ஒரு படம் விற்கிறார்கள். வாங்கலாமா?

ப: கிழக்குக் கடலில் சூரியன் மறைந்தால் எனக்கும் சொல்லி அனுப்புங்கள்.

கே: ஒரே படம் ஒரு கடையில் 6,000 ரூபாய், இன்னொன்றில் ‘ஷிக்லே, லிமிடெட் எடிஷன்’ என்று 18,000. வித்தியாசம் என்ன?

ப: ஷிக்லே என்றால் இங்க்ஜெட், அவ்வளவுதான். 1991இல் ஜாக் டுகான் என்ற அமெரிக்க அச்சுக்காரர் வைத்த பெயர், இங்க்ஜெட் என்றால் ஆபீஸ் மெஷின் ஞாபகம் வருமே என்று. பெயருக்குக் காசு கொடுக்காமல் மை பிக்மென்டா (நாள்பட நிற்கும்), டையா (சீக்கிரம் வெளிறும்), தாள் அமிலமில்லாததா என்று கேளுங்கள், ‘50 பிரதி’ என்பது எல்லா அளவுக்கும் சேர்த்தா அல்லது அளவுக்கு ஐம்பதா என்பதையும். நானும் ஏமாந்தவன்தான். இதே விரிகுடாவை கேன்வாஸில் வாங்கினேன், சட்டத்தில் மடிக்கத் தனியாக ஓரம் விடாமல் படத்தையே ஒன்றரை அங்குலம் மடித்துவிட்டார்கள். நேரே நின்று பார்த்தால் வெறும் கடல், கோயிலைப் பார்க்கச் சுவரோரம் போய்க் கழுத்தை வளைக்க வேண்டும். போதாததற்கு ஜன்னலுக்கு எதிரே மாட்டினேன், இரண்டே வருஷத்தில் வெளிறிவிட்டது.

கே: ஆன்லைனில் வாங்கிய பிரிண்ட் குழாய்க்குள் நசுங்கி, நடுவில் மடிப்பு விழுந்து வந்தது. பார்சல் பிரித்த வீடியோ இல்லாததால் பணம் தர மாட்டார்களாம். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு வாங்கியது. (கோவை)

ப: உங்கள் மேல் தப்பே இல்லை அம்மா. பழுதான பொருளைத் திரும்ப வாங்க மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது, 2020ஆம் ஆண்டின் இ-காமர்ஸ் விதிகளிலேயே இருக்கிறது. குழாயைத் தூக்கிப் போடாதீர்கள், நசுங்கிய இடம், முகவரிச் சீட்டு, மடிப்பு மூன்றையும் படமெடுத்து முதலில் அவர்களுக்கே எழுத்தில் புகார் அனுப்புங்கள். மசியவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்யுங்கள். அப்புறமும் இழுத்தடித்தால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் சரி, பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது.